நறுமணச் சேர்மங்களின் நச்சுத்தன்மையை பாக்டீரியாவில் சோதித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப்பு, ஷாம்பு, துணி சோப்புத்தூள், தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றுக்கு மணம் தரும் சேர்மங்கள் பயன்பாட்டுக்குப் பின் பெரும்பாலும் சாக்கடை வழியாகவே வெளியேறுகின்றன. அவை சென்று சேரும் இடத்தில் உள்ள பாக்டீரியாக்களை அவை பாதிக்கின்றனவா என்பதை ஆய்வகத்தில் எப்படிக் கண்டறிகிறோம் என்பது குறித்து வேதியியல் மாணவர்களும், சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும், மூலப்பொருள் விற்பனையாளர்களும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் லினலூல் என்ற சேர்மத்தையே எடுத்துக்கொள்கிறோம். லாவெண்டர் எண்ணெயிலும் நம் சமையலறைக் கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் மிகுதியாக இருக்கும் இது, உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் நறுமணச் சேர்மங்களுள் ஒன்று.

மணம் தரும் ஒரு பொருளை பாக்டீரியாவிடம் ஏன் சோதிக்க வேண்டும்?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கை உண்மையில் நீக்குவது அங்குள்ள நுண்ணுயிர்கள்தாம். காற்றூட்டும் தொட்டியில் பழுப்பு நிறத் துகள்களாக மிதக்கும் கசடு பெரும்பாலும் பாக்டீரியாக்களாலும், அவற்றை உண்டு வாழும் புரோட்டோசோவா போன்ற உயிரிகளாலும் ஆனது. இக்கசடுக்குச் செயலூட்டப்பட்ட கசடு என்று பெயர். ஏதேனும் ஒரு வேதிப்பொருள் இவ்வுயிரிகளின் சுவாசத்தைத் தடுத்தால், அந்தப் பொருள் மட்டுமின்றி, அன்று நிலையத்துக்குள் வந்த அத்தனை கழிவும் சரியாகச் சுத்தமாகாமல் ஆற்றிலோ கடலிலோ கலக்கும். மீனுக்கோ நீர்ப்பூச்சிக்கோ ஏற்படும் தீங்கைச் சோதிப்பதற்கு ஒப்பான முக்கியத்துவம் இந்தச் சோதனைக்கும் தரப்படுவது இதனால்தான்.

இந்தச் சோதனையைக் கேட்பவர் யார்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேதிப்பொருள் பதிவுச் சட்டமான ரீச் ஒழுங்குமுறைப்படி, ஆண்டுக்கு 10 டன் அல்லது அதற்கு மேல் உற்பத்தி செய்யப்படும் அல்லது இறக்குமதி செய்யப்படும் பொருள்களுக்குச் செயலூட்டப்பட்ட கசடின் சுவாசத் தடைச் சோதனையின் தரவு தேவைப்படுகிறது. சில விலக்குகளும் உள்ளன. பொருள் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைய வாய்ப்பே இல்லாதபோதும், அது நீரில் மிகமிகக் குறைவாகக் கரையும்போதும், எளிதில் மக்கும் பொருள் என்று நிறுவப்பட்டு அந்த மக்கும் சோதனையில் பயன்படுத்திய செறிவு நிலையத்துக்குள் வரக்கூடிய செறிவை ஒத்திருக்கும்போதும் தனிச் சோதனை தேவையில்லை. நறுமணச் சேர்மங்கள் பலவற்றுக்கு மூன்றாவது விலக்கே பொருந்துகிறது.

இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வோருக்கு ஒரு செய்தி: நல்ல ஆய்வக நடைமுறை எனப்படும் ஜிஎல்பி முறைப்படி இந்தியாவில் செய்யப்படும் சோதனைகளின் தரவை ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) நாடுகள் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில் 2011 முதல் இந்தியா முழு உறுப்பினராக இருக்கிறது. சான்று பெற்ற இந்திய ஆய்வகத்தில் முறையாகச் செய்த சோதனையை ஐரோப்பாவில் மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

எந்தெந்தச் சோதனைகள் வழக்கத்தில் உள்ளன?

முதன்மையானது ஓஇசிடி 209 ஆம் எண் வழிகாட்டி. 1984 இல் வெளிவந்து 2010 இல் திருத்தப்பட்ட இது, கசடு முழுவதன் ஆக்சிஜன் நுகர்வை அளக்கிறது. அடுத்தது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் 11348 ஆம் எண் தரம். அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியம் இயல்பாக வெளியிடும் ஒளி, சோதனைப் பொருளின் முன்னிலையில் எவ்வளவு மங்குகிறது என்பதை 15 டிகிரி செல்சியஸில் 5, 15, 30 நிமிடங்களில் அளக்கும் முறை அது. சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியத்தின் வளர்ச்சித் தடையை அளக்கும் ஐஎஸ்ஓ 10712 உம் உண்டு.

ஒளி மங்கல் சோதனை விரைவானது, சிறிய குப்பியில் காற்றூட்டாமல் நடப்பதால் ஆவியாகும் பொருள்களுக்கு வசதியானதும்கூட. ஆனால் உப்புநீரில் தனித்து வாழும் ஒரே ஒரு இனத்தின் விடையைக் கொண்டு, நூற்றுக்கணக்கான இனங்கள் திரண்டு வாழும் கசடைப் பற்றி முடிவு கட்டுவது சரியாகாது என்பதே என் கருத்து. பல மாதிரிகளை விரைவில் தரம்பிரிக்க அதைப் பயன்படுத்தலாம். சுத்திகரிப்பு நிலையத்துக்கான முடிவைக் கசடிடமே கேட்க வேண்டும். ஆகவே இனி வரும் விடைகள் ஓஇசிடி 209 ஐ ஒட்டியவை.

கசடை எங்கிருந்து எடுத்து, எப்படித் தயார் செய்வது?

பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீரையே சுத்திகரிக்கும் நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவு மிகுதியாக வரும் நிலையத்தின் கசடு அங்கு வரும் வேதிப்பொருள்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். அது தரும் விடை மற்ற நிலையங்களுக்குப் பொருந்தாது. நறுமணக் கலவைகள் தயாரிக்கும் ஆலை ஒன்றின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, அருகில் இருக்கிறது என்ற காரணத்துக்காகக் கசடு எடுப்பதை நாம் அறவே தவிர்க்க வேண்டும்.

கொண்டுவந்த கசடைச் சல்லடையில் வடித்து, படியவிட்டோ மையவிலக்கியில் சுழற்றியோ மேல்நீரை நீக்கிக் கழுவ வேண்டும். பிறகு அதில் ஒரு பகுதியை 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்த்து, திண்மத்தின் அளவு லிட்டருக்கு 3 கிராம் என்று வரும்படி நீர் சேர்க்க வேண்டும். உடனே பயன்படுத்தாவிட்டால் நாள்தோறும் செயற்கைக் கழிவுநீரை ஊட்டி, காற்றூட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். பெப்டோன், இறைச்சிச் சாறு, யூரியா, சில உப்புகள் ஆகியவற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் இந்தச் செயற்கைக் கழிவுநீரே சோதனையின்போதும் பாக்டீரியாக்களின் உணவு. கசடில் நோய்க்கிருமிகள் இருக்கும் என்பதால் கையுறையும் கண்காப்பும் இன்றி அதைத் தொடக்கூடாது.

சோதனை நாளில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு சோதனைக் கலத்திலும் (பாத்திரத்திலும்) 16 மில்லிலிட்டர் செயற்கைக் கழிவுநீர், 250 மில்லிலிட்டர் கசடு, தேவையான அளவு சோதனைப் பொருள், மீதிக்கு நீர் என 500 மில்லிலிட்டர் கலவை இருக்கும். கசடின் இறுதிச் செறிவு லிட்டருக்கு 1.5 கிராம். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியும், பிஹெச் மதிப்பு 7.5 ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். 3 மணி நேரம் காற்றூட்டிய பின், கலவையைப் பிஓடி பாட்டில் எனப்படும் காற்றுப்புகாமல் மூடக்கூடிய கண்ணாடிக் குப்பியில் குமிழியின்றி நிரப்பி, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மின்முனையைச் செருகி மூடி, காந்தக் கலக்கி சுழல ஆக்சிஜன் இறங்கும் வேகத்தைக் குறித்துக்கொள்கிறோம். லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராமிலிருந்து 2 மில்லிகிராம் வரை நேர்கோடாக இறங்கும் பகுதியையே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரே மின்முனையைக் கொண்டு பல கலங்களை அளப்பதால், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கசடைச் சேர்க்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினால்தான் ஒவ்வொன்றும் சரியாக 3 மணி நேரம் பொருளுடன் இருந்திருக்கும்.

பொருள் சேராத ஒப்பீட்டுக் கலங்கள், நஞ்சு என்று ஏற்கெனவே அறியப்பட்ட 3,5-டைகுளோரோஃபீனால் சேர்த்த கலங்கள், கசடு இல்லாமல் சோதனைப் பொருள் மட்டும் உள்ள கலம் ஆகியவையும் உடன் வைக்கப்படும். முன்னோட்டச் சோதனையில் லிட்டருக்கு 10, 100, 1000 மில்லிகிராம் என்று பார்த்துவிட்டு, முதன்மைச் சோதனையில் குறைந்தது ஐந்து செறிவுகளை, ஒன்றுக்கொன்று 3.2 மடங்குக்கு மிகாத இடைவெளியில் வைப்பது வழக்கம்.

நறுமணப் பொருள் ஆவியாகிப் போய்விடாதா?

போய்விடும். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே. மூக்கை எட்டும் அளவுக்கு ஆவியாவதுதான் நறுமணச் சேர்மத்தின் இயல்பு. சோதனை முறையோ அந்த நீருக்குள் 3 மணி நேரம் தொடர்ந்து காற்றைக் குமிழிகளாகச் செலுத்தச் சொல்கிறது. ஒவ்வொரு குமிழியும் மேலெழும்போது கரைந்துள்ள பொருளில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. சோதனை அறை முழுவதும் கமகமவென்று மணந்தால், பாக்டீரியாவுக்குக் கொடுத்ததாக நாம் எழுதிவைத்த அளவில் ஒரு பகுதி அறைக்காற்றில் இருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு போகும் என்பது சேர்மத்துக்குச் சேர்மம் வேறுபடும். லினலூல் ஒரு ஆல்கஹால். அதன் ஹைட்ராக்சில் தொகுதி நீருடன் ஓரளவு பிணைந்து நிற்பதால் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் வரை கரைகிறது. ஆகவே காற்றூட்டலில் அது குறையுமே தவிர முற்றாக மறைந்துவிடுவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் அப்படியன்று. நீரைப் பற்றிக்கொள்ள எந்தத் தொகுதியும் இல்லாத ஹைட்ரோகார்பன் ஆகையால், அது லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் என்ற அளவிலேயே கரைகிறது; கரைந்ததும் காற்றூட்டத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. அத்தகைய பொருளை வழக்கமான முறையில் சோதித்து, லிட்டருக்கு 1000 மில்லிகிராமிலும் தடை இல்லை என்று அறிக்கை எழுதினால், அந்த வாக்கியம் பாக்டீரியாவின் தாங்கும் திறனைச் சொல்லவில்லை. கலத்தில் பொருள் இல்லை என்பதையே சொல்கிறது.

செய்யக்கூடியவை சில உண்டு. காற்றின் அளவைக் கசடு மிதக்கவும் ஆக்சிஜன் குறையாமலிருக்கவும் போதுமான குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவரலாம். மேற்பகுதியில் போதிய காற்றுவெளி விட்டு மூடிய கலங்களில், அழுத்த மாற்றத்தைக் கொண்டு ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் சுவாசமானியைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்கத்திலும் 3 மணி நேர முடிவிலும் கலத்திலிருந்து மாதிரி எடுத்து, ஆவியாகும் சேர்மங்களைப் பிரித்து அளக்கும் வாயு வண்ணப்படிவியலில் உண்மையான செறிவை அளக்கலாம். வழிகாட்டி இதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், நறுமணச் சேர்மங்களுக்கு இதைச் செய்யாத அறிக்கையை நான் அரைகுறை அறிக்கையாகவே கருதுவேன்.

நீரில் எளிதில் கரையாத பொருளை எப்படிச் சேர்ப்பது?

கரைப்பான் வேண்டாம். எத்தனால், அசிட்டோன் போன்றவற்றைப் பாக்டீரியா உணவாக எடுத்துக்கொண்டு சுவாசத்தைக் கூட்டும். அப்போது சோதனைப் பொருள் ஏற்படுத்தும் தடை மறைந்துபோகும். பால்மமாக்கிகளில் பல தாமே செல் சவ்வைத் தாக்கக்கூடியவை. பொருளை நேரடியாகக் கலத்துக்குள் எடைபோட்டுச் சேர்த்து நன்கு கலக்குவதே நல்லது. 500 மில்லிலிட்டர் கலத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வேண்டுமென்றால், சேர்க்க வேண்டிய லினலூல் 50 மில்லிகிராம். அதன் அடர்த்தி 0.86 என்பதால் கன அளவில் ஏறத்தாழ 58 மைக்ரோலிட்டர். இச்சிறு துளியை நீரின் மேற்பரப்பில் விட்டால் அது படலமாகப் பரவிக் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாயு இறுக்கமுள்ள கண்ணாடி ஊசியின் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்துச் செலுத்தி, ஊசியைச் செலுத்துவதற்கு முன்னும் பின்னும் எடைபார்த்துக் குறிப்பதே நம்பத்தக்கது. பிளாஸ்டிக் கலங்களும் ரப்பர் மூடிகளும் இத்தகைய பொருள்களை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கண்ணாடியும் டெஃப்லானும் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

முடிவைக் கணக்கிடுவது எப்படி?

விளக்கத்துக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். ஒப்பீட்டுக் கலத்தில் கரைந்த ஆக்சிஜன் 6 நிமிடங்களில் லிட்டருக்கு 6.8 இலிருந்து 2.6 மில்லிகிராமுக்கு இறங்கியது என்று கொள்வோம். குறைவு 4.2, மணிக்குக் கணக்கிட்டால் லிட்டருக்கு 42 மில்லிகிராம். கசடின் அளவான 1.5 ஆல் வகுத்தால் ஒரு கிராம் கசடு மணிக்கு 28 மில்லிகிராம் ஆக்சிஜனை நுகர்கிறது. சோதனைப் பொருள் உள்ள கலத்தில் அதே 6 நிமிடங்களில் 6.9 இலிருந்து 4.5 வரைதான் இறங்கியது என்றால், மணிக்கு 24 மில்லிகிராம். இதை 42 உடன் ஒப்பிட்டுத் தடை 43 விழுக்காடு என்று எழுதிவிடத் தோன்றும்.

அவசரம் கூடாது. கசடு இல்லாமல் பொருள் மட்டும் இருந்த கலத்திலும் மணிக்கு 3 மில்லிகிராம் ஆக்சிஜன் குறைந்திருந்தால், அது உயிரிகளின் சுவாசமன்று, பொருள் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்ததன் விளைவு. 24 இலிருந்து 3 ஐக் கழித்தால் 21. அது 42 இல் சரிபாதி. ஆகவே உண்மையான தடை 50 விழுக்காடு. இவ்வாறு ஒவ்வொரு செறிவுக்கும் கணக்கிட்டு, செறிவின் மடக்கைக்கு எதிராக வரைந்து, சுவாசம் பாதியாகக் குறையும் செறிவைக் கண்டால் அதுவே இசி50.

சோதனை செல்லுபடியாகும் என்பதை எப்படி அறிவது?

ஒப்பீட்டுக் கலங்களில் ஒரு கிராம் கசடு மணிக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் ஆக்சிஜனை நுகர வேண்டும். அக்கலங்களுக்கிடையேயான மாறுபாட்டுக் கெழு (சராசரியுடன் ஒப்பிட்ட சிதறல்) 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 3,5-டைகுளோரோஃபீனாலின் இசி50 மொத்தச் சுவாசத்துக்கு லிட்டருக்கு 2 முதல் 25 மில்லிகிராமுக்குள் அமைய வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் வேறு கசடு எடுத்துத் திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை.

நைட்ரிஃபிகேஷனைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

வாய்ப்பிருந்தால் பார்க்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை, நஞ்சுக்கு எளிதில் ஆட்படுபவை. மொத்தச் சுவாசத்தில் அவற்றின் பங்கு சிறியது என்பதால், அவை முற்றாக முடங்கினாலும் மொத்த எண்ணில் சிறு சரிவே தெரியும். லிட்டருக்கு 11.6 மில்லிகிராம் அல்லைல்தயோயூரியா சேர்த்து அவற்றை நிறுத்திய கலங்களையும், சேர்க்காத கலங்களையும் உடன் வைத்து இரண்டின் வேறுபாட்டைக் கண்டால் அவற்றின் சுவாசம் தனியே கிடைக்கும். அம்மோனியா நீங்காத நீர் வெளியேறினால் மீன்கள் மடியும் என்பதை நினைத்தால், இந்தக் கூடுதல் வேலை பெரிதன்று.

நறுமணச் சேர்மங்கள் பாக்டீரியாவை எவ்வாறு தாக்குகின்றன?

லினலூல், ஜெரானியால் போன்ற டெர்ப்பீன் ஆல்கஹால்கள் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. அவை செல் சவ்வின் கொழுப்பு அடுக்குகளுக்கிடையே நுழைந்து அதன் கட்டுக்கோப்பைத் தளர்த்துகின்றன. பொட்டாசியம் அயனிகள் கசிகின்றன, ஆற்றலை உண்டாக்கத் தேவையான புரோட்டான் வேறுபாடு சரிகிறது. கிராம்பின் யூஜினால் போன்ற ஃபீனால்கள் இதே வழியில் இன்னும் வலுவாகச் செயல்படுகின்றன. பட்டையின் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப் புல்லின் சிட்ரால் போன்ற ஆல்டிஹைடுகள் சவ்வைத் தாக்குவதோடு புரதங்களுடன் வேதிவினையும் புரிகின்றன. மறுபக்கம், வெளிப்புறம் கூடுதலாக ஒரு சவ்வைக் கொண்ட கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்களின் அந்த வெளிச்சவ்வு இவற்றைத் தடுக்கும் வேலியாக நிற்கிறது. சூடோமோனாஸ் இனங்கள் உள்ளே வந்ததையும் வெளியேற்றும் பம்புகளைக் கொண்டவை. கசடில் திரளாக வாழ்வதும் ஒரு பாதுகாப்பே. தனி இனத்தைத் திரவ வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்துப் பெற்ற எண்ணைக் கசடுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இவையெல்லாம் காரணம்.

எளிதில் மக்கும் பொருள் பாக்டீரியாவுக்கு நஞ்சாக இருக்க முடியுமா?

முடியும்; வேறுபாடு செறிவில் இருக்கிறது. லினலூல் எளிதில் மக்கும் பொருள். ஆக்சிஜனே இல்லாத சூழலில் நைட்ரேட்டைக் கொண்டு லிமோனீன் போன்ற மோனோடெர்ப்பீன்களைச் சிதைத்து வாழும் காஸ்டெல்லானியெல்லா டிஃப்ராக்ரன்ஸ் என்ற பாக்டீரியமும் அறியப்பட்டுள்ளது. ஆயினும் குறைந்த அளவில் உணவாகும் அதே மூலக்கூறு, அளவு மிகும்போது சவ்வைக் குலைக்கும். மக்கும் சோதனையில் பொருள் சிதையவில்லை என்றால், அது உண்மையிலேயே மக்காததா, அல்லது இட்ட செறிவு பாக்டீரியாவைக் கொன்றுவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்ளவும் நச்சுச் சோதனை உதவுகிறது.

பழைய மாதிரியைப் பயன்படுத்தலாமா?

கூடாது. லினலூலும் லிமோனீனும் காற்றுபட்டால் ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகின்றன. தோல் ஒவ்வாமைக்கு இவையே முக்கியக் காரணம் என்பது தெரிந்த செய்தி. பாக்டீரியாச் சோதனையிலும் நாம் அளப்பது வேறொரு பொருளின் விளைவாகிவிடும். குளிரிலும் இருளிலும், நைட்ரஜன் நிரப்பிய சிறு குப்பிகளிலும் வைத்து, சோதனைக்கு முன் தூய்மையைச் சரிபார்க்க வேண்டும்.

ஏம்ஸ் சோதனையும் இதுவும் ஒன்றா?

இல்லை. சால்மொனெல்லாவைக் கொண்டு செய்யப்படும் ஏம்ஸ் சோதனை, பொருள் மரபணுவில் திடீர் மாற்றத்தை உண்டாக்குகிறதா என்று பார்க்கிறது. எனினும் ஒரு தொடர்பு உண்டு. நறுமணச் சேர்மம் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் தட்டில் பாக்டீரியாக் கூட்டங்கள் (காலனிகள்) குறைந்து, மாற்றம் இல்லை என்ற பொய்யான தோற்றம் வரும். எனவே அங்கும் முதலில் நச்சு வரம்பை அறிந்துகொண்டே செறிவுகளைத் தேர்கிறார்கள்.

நுண்குழித் தட்டில் குறைந்தபட்சத் தடைச் செறிவைக் கண்டால் போதாதா?

பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த செறிவே அது. பதனப்பொருளாகவோ கிருமிநாசினியாகவோ பயன்படுமா என்று அறிய அது ஏற்றது. ஆனால் 96 குழித் தட்டில் நறுமணச் சேர்மத்தை வைத்தால், அதிகச் செறிவுள்ள குழியின் ஆவி பக்கத்துக் குழிகளுக்கும் பரவுகிறது. பொருளே சேர்க்காத குழியில் வளர்ச்சி குன்றியிருந்து, அது உயர்ந்த செறிவுகளுக்கு அருகில் உள்ளதாகவும் இருந்தால் ஐயமே வேண்டாம், அது ஆவியின் வேலை. தட்டை ஒட்டுப்படலத்தால் மூடி, செறிவுகளுக்கிடையே வெற்றுக் குழிகள் விடுவது ஓரளவு உதவும்.

இசி50 மதிப்பு உயர்வாக இருந்தால் பொருள் பாதுகாப்பானது எனலாமா?

சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களைப் பொறுத்தவரை மட்டும், அதுவும் நிலையத்துக்குள் வரும் செறிவுடன் ஒப்பிட்ட பிறகே சொல்லலாம். ஐரோப்பிய நடைமுறையில், சுவாசத் தடைச் சோதனையின் இசி50 ஐ 100 ஆல் வகுத்து, அல்லது விளைவு தென்படாத செறிவை 10 ஆல் வகுத்து, நிலையத்துக்குத் தீங்கு தராத செறிவைப் பெறுகிறார்கள். இசி50 லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால் ஏற்கத்தக்க செறிவு 2 மில்லிகிராம்தான். மீன், பாசி, நீர்த்தெள்ளு ஆகியவற்றுக்கு ஏற்படும் தீங்கையோ, உடலில் சேர்ந்து தங்கும் தன்மையையோ இந்த எண் சொல்லாது. மஸ்க் சைலீன் என்ற செயற்கைக் கஸ்தூரி, மக்காமல் நிலைத்திருந்து உயிரிகளின் உடலில் மிகுதியாகச் சேர்வதால்தான் ஐரோப்பாவில் விலக்கப்பட்டது. 2014 ஆகஸ்டுக்குப் பின் தனி அனுமதியின்றி அதை அங்கு பயன்படுத்த முடியாது. கசடின் சுவாசத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தீங்கு கண்ணில் பட்டிருக்காது.

ஒரு சோதனை அறிக்கை கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இசி50 எண்ணுக்குப் பக்கத்தில், அது இட்ட செறிவின் அடிப்படையிலானதா, அளந்த செறிவின் அடிப்படையிலானதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, கலங்கள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா, கரைப்பான் சேர்க்கப்பட்டதா, கசடு இல்லாத கலத்தின் அளவீடு கழிக்கப்பட்டதா, கசடு எந்த வகை நிலையத்திலிருந்து வந்தது என்பவற்றைத் தேட வேண்டும். எண் கரைதிறனைவிடப் பெரிதாக இருந்தால், எடுத்துக்காட்டாக லிமோனீனுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று இருந்தால், கரையாத எண்ணெய்த் துளிகளும் அந்த எண்ணில் அடங்கியிருக்கின்றன என்று அறிந்து, அதை இடர் மதிப்பீட்டில் அப்படியே எடுத்தாளாமல் செறிவு அளவீட்டின் மூலத் தரவைச் சோதனைக்கூடத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.